ஹில்டாவின் தாத்தா நாற்காலியும் ஐந்தாம் கரை வெற்றிலையும்

நிலம் விற்க வந்தவள் நான். வேடிக்கை பார்க்க வந்தவள் ஹில்டா. ஆனால் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்கிய நிமிஷத்திலிருந்து ஊர்தான் ஹில்டாவை வேடிக்கை பார்த்தது. ஆறடி உயரம், வெயிலில் தக்காளி நிறத்துக்கு வந்துவிட்ட முகம், தலையில் முண்டாசாகச் சுற்றிய என் பழைய பருத்திச் சேலை. ஒரு குதிரை வண்டிக்காரர் சவாரியை மறந்து, வண்டியிலிருந்து இறங்கி நின்று பார்த்தார். குதிரையும் பார்த்தது.

பினாங்கில் நான் தமிழ்ப் பள்ளிக்கூட ஆசிரியை. பிறந்ததும் வளர்ந்ததும் அங்கேதான். ஹில்டா எங்கள் அடுத்த வீட்டுக்காரி, ஜெர்மன்காரி, மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ். கறம்பக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் என் அப்பாவுக்குக் கொஞ்சம் வயல் மிச்சம் இருந்தது. அப்பாவுக்கு முட்டிவலி, கப்பல் ஏற முடியாது. நான் ஒரே பிள்ளை. பவர் பத்திரம் எழுதிக் கையில் கொடுத்து, “போய் வித்துட்டு வா” என்று அனுப்பிவிட்டார். தனியாகப் போகிறாயா என்று கேட்ட ஹில்டா, பதிலுக்குக் காத்திராமல் லீவு எழுதிக் கொடுத்துவிட்டாள்.

முதல் நாள் முழுக்கச் சாப்பாடுதான். காலையில் காப்பி கிளப்பில் இட்லி. மத்தியானம் ஒரு மிலிட்டரி ஓட்டலில் முட்டை மாஸ் என்று ஒன்று கொடுத்தார்கள். அவித்த முட்டையை நறுக்கி வெங்காயத்தோடு பிரட்டியது. பினாங்கில் எந்தக் கடையிலும் இந்த ருசி கிடையாது. ஹில்டா மூன்று தடவை வாங்கினாள். பிறகு என் காதில், “இதற்குப் பீர் இருந்தால் நான் இந்த ஊரிலேயே கல்யாணம் செய்துகொள்வேன்” என்றாள்.

பரிமாறுகிறவரிடம் கேட்டேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “மதுவிலக்குங்க. பெர்மிட் வேணும். ஒடம்புக்கு முடியலன்னு டாக்டர் சர்டிபிகேட் குடுக்கணும்.” பிறகு ஹில்டாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இவங்களுக்கு எந்த டாக்டரும் குடுக்க மாட்டாருங்க” என்று முடித்துவிட்டார். நன்னாரி சர்பத் வந்தது. ஹில்டா அதைக் கண்ணை மூடிக்கொண்டு, மரியாதையோடு குடித்தாள்.

அங்கேதான் சின்னையா எங்களைத் தேடி வந்தார். எங்கள் வயலை அவர் அப்பா காலத்திலிருந்து உழுகிறவர். வாங்கப் போகிறவரும் அவரே. ஒல்லி, நல்ல கறுப்பு, நாற்பதுக்கு மேல் இருக்கும். தோளில் ஒரு பலாப்பழத்தைச் சுமந்துகொண்டு வந்தவர், அதை எங்கள் மேஜைமேல் வைத்துவிட்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல், நின்றபடியே விஷயத்துக்கு வந்தார்.

“நெலத்த வாங்கிக்கிறேங்க. ஆனா எடத்தோட சேத்துத்தான் வாங்குவேன்.”

எந்த இடம் என்று எனக்குப் புரியவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். ஊரில் ஏழு கரை. கரை என்றால் பங்கு. அய்யனார் கோயில் வாகை மரத்தடியில் ஜமுக்காளம் விரித்து, கரைக்கு ஒருவராக ஏழு பேர் உட்கார்ந்து ஊர்க்கூட்டம் நடத்துவார்கள். திருவிழா நாள், மண் குதிரை எடுக்கும் வரிசை, கண்மாயில் எந்த மடையை முதலில் திறப்பது, எல்லாம் அங்கேதான் முடிவாகும். பேசி முடித்ததும் வெற்றிலைத் தாம்பாளம் சுற்றி வரும். ஏழு பேரும் எடுத்தால்தான் பேச்சு செல்லும். ஒருவர் எடுக்காவிட்டாலும் செல்லாது. எங்கள் குடும்பம் ஐந்தாம் கரை.

“ஒங்க அப்பா கப்பலேறுனதுல இருந்து அஞ்சாங்கரை வெத்தலைய வெளியில நிக்கிற எங்கப்பா கையில குடுத்தாங்க. அவருக்குப் பெறகு எங் கையில. வாங்கி வாங்கி வாய் செவந்துச்சே ஒழிய, அந்த வாயத் தொறந்து ஒரு வார்த்த பேச விடலீங்க. நம்ம வயலு கடமடை. மேல எல்லாரும் பாச்சி முடிச்சா, எங்களுக்குச் சேறுதான் மிச்சம். உள்ள ஒக்காந்தாத்தானே கேக்க முடியும்?”

“வாங்கினால் உட்கார விடமாட்டார்களா?”

“ஊருக்குத் தலைவரு அம்பலம் மாட்டேங்கிறாரு. எடம் ரத்தத்துக்கு, நெலத்துக்கு இல்லேங்கிறாரு. எடம் இல்லாத நெலம் எனக்கு வேணாங்க. பொஞ்சாதி புள்ளையோட திருச்சிப் பக்கம் மில்லு வேலைக்குப் போயிருவேன்.”

வியாபாரி பேசும் பேச்சாக அது இல்லை. அவர் கண் கலங்கியிருந்தது. நான் ஹில்டாவுக்கு இங்கிலீஷில் சொன்னேன். அவள் கையிலிருந்த கரண்டி தட்டில் விழுந்தது. “கமலம்! இது என் தாத்தா கதை!” என்று அவள் போட்ட சத்தத்தில், சமையல்காரர் வெளியே ஓடி வந்துவிட்டார்.

தாத்தா கதையை அவள் மறுநாள் நார்த்தாமலையில்தான் சொன்னாள். மலைமேல் இருக்கும் சோழர் கோயிலைப் பார்க்காமல் போகக்கூடாது என்று எங்களை ஏற்றிவிட்டது ஓட்டல் முதலாளி. உச்சிவெயிலில் கிளம்பிய புத்திசாலித்தனம் மட்டும் எங்களுடையது. கோயில் பக்கம் நெருங்கியதும் செருப்பைக் கழற்றினோம். பாறை கொதித்தது. ஹில்டா ஒரு காலைத் தூக்கி, மறு காலைத் தூக்கி, ஜெர்மன் பாஷையில் என்னென்னவோ சொல்லிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். வாசலின் இரண்டு பக்கமும் நிற்கிற துவாரபாலகர்களுக்கு நடுவில், நிழலில் தொப்பென்று உட்கார்ந்தாள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் இதைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துத் தன் ஆட்டைத் தவறவிட்டாள்.

மூச்சு வந்ததும் ஹில்டா சொன்னாள். போன நூற்றாண்டில் ஜெர்மனியில் நம் புதுக்கோட்டை போலச் சின்னச் சின்ன சமஸ்தானங்கள் நிறைய. அவளுடையது மெக்லென்பர்க். அங்கே ஒரு சட்டசபை இருந்தது. ஒரு வருஷம் ஒரு சின்ன ஊரில் கூடும். மறுவருஷம் இன்னொரு சின்ன ஊரில். ஓட்டு இல்லை, பெட்டி இல்லை. இன்னின்ன பெரும்பண்ணை என்று கணக்கு உண்டு. அந்தப் பண்ணை யாருக்குச் சொந்தமோ அவருக்குச் சபையில் இடம் சொந்தம். விற்றால் இடமும் போய்விடும், வாங்கியவர் போய் உட்காரலாம். ஹில்டாவின் தாத்தா தானிய வியாபாரி. வாழ்நாள் சம்பாத்தியத்தைக் கொட்டி ஒரு பண்ணையை வாங்கினார். மண்ணுக்காக அல்ல, அந்த நாற்காலிக்காக.

“புதுக் கோட்டு தைத்துக்கொண்டு போனார். பரம்பரைப் பிரபுக்கள் முதுகைத் திருப்பிக்கொண்டார்கள். சட்டப்படி உட்கார விடாமல் இருக்க முடியாது, அதனால் உட்கார விட்டார்கள், பேச்சுக் கொடுக்கவில்லை. முக்கியமான கமிட்டி எதிலும் சேர்க்கவில்லை. அவர் விடவில்லை. ஒவ்வொரு வருஷமும் போனார்.”

“போய் என்ன பேசினார்?”

ஹில்டா நிமிர்ந்து உட்கார்ந்தாள். “ஒரே ஒரு தடவை பேசினார். 'குளிர்கிறது, அடுப்பை மூட்டச் சொல்லுங்கள்' என்றார். மூட்டினார்கள். எங்கள் குடும்பத்தில் கிறிஸ்துமஸ் தோறும் அந்தக் கதையைச் சொல்லுவோம்.”

நான் சிரித்த சிரிப்பு கருவறை வரைக்கும் எதிரொலித்தது. அவளும் சிரித்தாள். பிறகு கொஞ்சம் குரல் இறங்கியது. தாத்தாவுக்குப் பிறகு பண்ணை அவளுடைய அத்தை பெயருக்கு வந்ததாம். அத்தை படித்தவள், வாயாடி, அடுப்போடு நிறுத்தியிருக்க மாட்டாள். பெண் என்று சபைக்குள் விடவில்லை. நாற்காலி காலியாகக் கிடந்தது. எனக்கு அந்த அத்தையை நினைத்து, அந்தக் கொதிக்கிற பாறையைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

மூன்றாம் நாள் கறம்பக்குடி பஸ். உள்ளே இருந்த ஆட்களைவிடக் கூரைமேல் இருந்த பலாப்பழம் அதிகம். பாதி வழியில் டயர் வெடித்தது. வெடித்த சத்தத்தில் டிரைவர் பிரேக் போட, கூரையிலிருந்து ஒரு பழம் உருண்டு கண்டக்டரின் காலடியில் விழுந்து பிளந்தது. பழத்துக்காரர் ஐயோ என்று ஒரு முறை சொன்னார். பிறகு, “ஒடஞ்சது ஒடஞ்சு போச்சு, வாங்க சாப்புடுவோம்” என்று எல்லாரையும் கூப்பிட்டார். பினாங்கில் பஸ் நின்றுவிட்டால் ஜனங்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். இங்கே சாலையோரத்தில் வட்டமாக உட்கார்ந்து சுளை தின்றோம். ஹில்டாவின் கையில் பால் ஒட்டிக்கொண்டது. ஓர் அம்மா தன் பையிலிருந்த தேங்காயெண்ணெயை எடுத்து, அவள் விரல் விரலாகத் தேய்த்துவிட்டார். “வெள்ளக்காரி கையி நம்ம கையி மாதிரிதான் இருக்கு” என்று பக்கத்தில் இருந்தவரிடம் அவர் சொன்னதை நான் மொழிபெயர்த்தேன். ஹில்டா அதை அன்று முழுக்க எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஊருக்குள் நுழைந்தபோது அம்பலம் வீட்டு வாசலிலேயே காத்திருந்தார். ஊர்த்தலைமைக்குத்தான் அம்பலம் என்று பெயர். வீரப்ப அம்பலம் என் அப்பாவுக்குப் பெரியம்மா மகன், வேறு கரை, எனக்குப் பெரியப்பா. வெள்ளை மீசை. மெதுவாகப் பேசத் தெரியாத தொண்டை.

“வா ஆத்தா! வா! இம்புட்டு நாளு கழிச்சு வழி தெரிஞ்சுச்சா? இந்தப் புள்ளைக்கு ஒரு செம்பு தண்ணி குடுங்கடி! அந்த ஒசரமான புள்ளைக்கு ரெண்டு செம்பு குடுங்க!”

கோழிக் குழம்பு, இடியாப்பம், மறுபடி கோழிக் குழம்பு. வயிறு நிறைந்த தைரியத்தில் நான் சின்னையா பேச்சை எடுத்தேன். பெரியப்பாவின் சிரிப்பு நின்றது.

“நெலத்த யாருக்கு வேணும்னாலும் வித்துக்க. எடம் ரத்தத்துக்கு ஆத்தா. காசுக்கு வாங்குற சாமானா அது?”

நான் மெக்லென்பர்க்கைச் சொன்னேன். நாற்காலி, புதுக் கோட்டு, முதுகைத் திருப்பிய பிரபுக்கள், எல்லாம் சொன்னேன். அவர் மீசையைத் தடவியபடி அக்கறையாகக் கேட்டார். ஹில்டாவைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு, “அந்தப் பிரபுமாருங்க செஞ்சதுதான் சரி” என்றார். “ஆனா குளுருதுன்னா அடுப்பு மூட்டத்தான் வேணும். அதுல ஒண்ணும் தப்பில்ல.” இதை மொழிபெயர்த்ததும் ஹில்டா எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டாள். ஏன் குலுக்கினாள் என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

நாலாம் நாள் கூட்டம். திருவிழாவுக்கு நாள் குறிக்க வேண்டும். மழைக்கு முன் மடை வரிசையும் முடிவாக வேண்டும். வாகை மரத்தடியில் சிவப்பு ஜமுக்காளம். ஆறு பேர் உட்கார்ந்தார்கள். ஐந்தாவது இடம் காலி. அந்த இடத்துக்கு நேராக, ஜமுக்காளத்துக்கு வெளியே சின்னையா நின்றார். பெண்கள் எல்லாரும் கிணற்றடிப் பக்கம். நானும் ஹில்டாவும் அங்கேதான். கொஞ்சம் தள்ளி மூன்று கல் அடுப்பில் கிடா வெந்துகொண்டிருந்தது. வெற்றிலை சுற்றி முடிந்து, ஜமுக்காளத்தைச் சுருட்டிய பிறகுதான் பந்தி.

சின்னையாவின் மனைவி பொன்னம்மா என் பக்கத்தில் நின்றாள். அவள் புருஷனைப் பார்க்கவில்லை. காலியான இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இன்னிக்கி ஆகலேன்னா மூட்டையக் கட்டிருவாரு தாயி. நாஞ் சொன்னா கேக்க மாட்டாரு” என்றாள்.

“ஜமுக்காளத்துல சொன்ன சொல்ல மாத்த முடியுமா?” என்று அவளிடம் கேட்டேன்.

“சுருட்டுற வரைக்கும் மாத்தக் கூடாதுங்க. அது எங்க ஊரு கட்டு.”

பெரியப்பா தொண்டையைச் செருமினார். கிணற்றுத் தண்ணீரே அதிர்ந்திருக்கும். “எடங் கேக்குறான் சின்னையா. எல்லாருக்கும் கேக்கும்படி சொல்றேன். எடம் ரத்தத்துக்கு! நெலத்துக்கு இல்ல! அஞ்சாங்கரை ரத்தம் எவுக இருக்காகளோ அவுகளுக்குத்தான் இந்த எடம்!”

அவர் சொல்லி முடித்தபோது நான் நடந்துகொண்டிருந்தேன். யோசித்து நடந்தேன் என்று சொன்னால் பொய். ஹில்டாவின் அத்தை மேல் எனக்கிருந்த பாசம்தான் காலைத் தள்ளியிருக்க வேண்டும். செருப்பைக் கழற்றி, சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு, நாலாம் கரைக்கும் ஆறாம் கரைக்கும் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

முதலில் கிணற்றடியில் ஒரு பெண் சிரித்தாள். பிறகு கிணற்றடியே சிரித்தது.

“ஏ ஆத்தா, என்ன இது? பொம்பளப் புள்ள…” என்றார் பெரியப்பா.

“ரத்தத்துக்குத்தான் எடம்னு சொன்னீங்களே பெரியப்பா. எங்கப்பாவுக்கு வேற பிள்ளை இல்லையே.”

ஏழாம் கரைக் கிழவர் பல்லில்லாத வாயைத் திறந்து, “எவுக இருக்காகளோ அவுகளுக்குன்னு அம்பலந்தான சொன்னாரு. ஆம்பளன்னு சொல்லலியே” என்றார். அவருக்கும் பெரியப்பாவுக்கும் ஏதோ பழைய பாக்கி இருந்திருக்கும் போல. முகத்தில் அவ்வளவு ஆனந்தம். பெரியப்பா மீசையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். ஜமுக்காளம் விரிந்துதான் கிடந்தது.

திருவிழா நாளைப் பேசினார்கள். மடை வரிசை வழக்கம்போல மேல்மடை முதல் என்றார்கள். தாம்பாளம் புறப்பட்டது. முதல் கரை எடுத்தது, இரண்டு, மூன்று, நாலு. என் முன்னால் வந்து நின்றது.

“எடுத்துக்க ஆத்தா.”

“எடுக்கல பெரியப்பா. எங்க எடம் நெலத்தோட சின்னையாவுக்குப் போகும்னு சொல்லுங்க. அப்பறம் எடுக்கிறேன்.”

சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஊரே கத்தியது. ஒருவர் நல்ல வார்த்தை சொன்னார், ஒருவர் மிரட்டினார், ஒருவர் என் அப்பாவின் சின்ன வயசு முரட்டுத்தனத்தை விவரமாக எடுத்துச் சொன்னார். வெயில் ஏறியது. அடுப்பிலிருந்து கிடாக் குழம்பின் வாசனை காற்றோடு ஜமுக்காளத்துக்கு வந்து, ஒவ்வொருவர் மூக்கையும் தனித்தனியாக விசாரித்துவிட்டுப் போனது. கிணற்றடியிலிருந்து ஹில்டாவின் குரல் மட்டும் இங்கிலீஷில் வந்துகொண்டிருந்தது: “எழுந்திராதே கமலம்! என் தாத்தா எழுந்திருக்கவே இல்லை!”

“அந்தப் புள்ள என்ன சொல்லுது?” என்றார் பெரியப்பா.

“எழுந்திரிக்காதேன்னு சொல்றா.”

“அதுக்கும் பசிக்கும்ல?”

“ரொம்பப் பசிக்கும் பெரியப்பா. எல்லாருக்கும் முந்தி அவளுக்குத்தான் பசிக்கும்.”

அவர் அடுப்பைப் பார்த்தார். தாம்பாளத்தைப் பார்த்தார். வெளியே நின்ற சின்னையாவை, எனக்குத் தெரிந்து முதல் தடவையாக, நேராகப் பார்த்தார். பிறகு கணீரென்று சொன்னார். “நாஞ் சொன்ன சொல்லு சொன்னதுதான். எடம் ரத்தத்துக்கு. அந்த ரத்தமே தன் எடத்தத் தூக்கி நெலத்தோட குடுத்தா, தடுக்க நான் யாரு? என்னப்பா, சரிதானே?”

சரி சரி என்று மற்ற கரையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னது. பசிக்கு அவ்வளவு ஒற்றுமை உண்டு.

“குடுக்கிறேன் பெரியப்பா” என்றேன்.

“குடுத்தாச்சுல்ல? எந்திரி. ஏ சின்னையா, வா. பத்திரம் நாளைக்கிப் பதிஞ்சுக்கலாம், இப்பவே வந்து ஒக்காரு. கறி கொழையுது.”

எழுந்திருக்க எனக்கு மனசே வரவில்லை. அதை மறைப்பானேன்? என் வாழ்நாளில் நான் உட்கார்ந்த எந்த நாற்காலியிலும் அந்தக் கிழிந்த ஜமுக்காளத்தின் சுகம் இருந்ததில்லை. ஒருவழியாக எழுந்தேன். கால் மரத்துப் போயிருந்தது. நொண்டிக்கொண்டே கிணற்றடிக்குப் போனேன். ஹில்டா சந்தோஷத்தில் என்னை அலாக்காகத் தூக்கினாள். பொன்னம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை.

சின்னையா கிணற்றடிக்கு வந்து காலைக் கழுவினார். மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார். துண்டைத் தோளிலேயே போட்டுக்கொண்டு போய், ஐந்தாவது இடத்தில் உட்கார்ந்தார். முதலில் ஓரமாக, பிறகு நன்றாக நகர்ந்து, முதுகு நிமிர்ந்து. ஏழாம் கரைக் கிழவர் பந்திக்கு எழப் பாதி தயாராகிவிட்டார். தாம்பாளத்தைச் சின்னையா முன்னால் தள்ளினார்கள்.

அவர் அதைப் பார்த்தார். இத்தனை வருஷமாக வாங்கியே பழகிய கை தானாக மேலே வந்தது. பாதியில் நின்றது. கையை இழுத்து மடிமேல் வைத்துக்கொண்டார்.

“கடமடையப் பத்தி ஒரு வார்த்த பேசணுங்க. பேசிட்டு எடுத்துக்கிறேன்.”

பொன்னம்மாவின் நகம் என் மணிக்கட்டில் பதிந்தது. பெரியப்பா அவரைப் பார்த்தார். அசையாமல் கிடந்த தாம்பாளத்தைப் பார்த்தார். பிறகு அடுப்புப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

“யாருப்பா அங்கிட்டு? கொழம்ப எறக்கி மூடி வைங்க. பேச வேண்டியது இருக்கு.”